பரண் காத்த ஏடு

(மதுராந்தகத்தில் தமிழன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டைப் பற்றிப் பேசுவோர் திண்ணையைப் பேசுவர், முற்றத்தைப் பேசுவர், கூடத்தையும் அடுக்களையையும் பேசுவர். பரணைப் பற்றிப் பேசுவார் அரியர். ஆண்டுக்கு ஒருமுறை ஏணி சாத்தி ஏறும் இடம், எலி ஓடும் இடம், வேண்டாதவற்றைத் தூக்கிப் போடும் இடம் என்பதே இன்று அதற்கு வாய்த்த மதிப்பு. அப்பரணே தமிழினத்தின் கருவூலமாக இருந்தது என்பதையும், இன்றும் எஞ்சியிருப்பதைக் காக்கும் கடன் யாருக்கு உரியது என்பதையும் எடுத்துரைப்பதே இப்பொழிவின் நோக்கம்.

இது ஏரியால் பெயர்பெற்ற ஊர். மதுராந்தகன் என்னும் பெயர் தாங்கிய உத்தம சோழனை நினைவூட்டும் ஊர். ஏரியின் அருமை இங்குள்ளார்க்கு எவரும் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. கார்காலத்து நீரைக் கோடைக்குத் தேக்கி வைப்பது ஏரி. ஒரு தலைமுறையின் பொருளை மறு தலைமுறைக்குத் தேக்கி வைப்பது பரண். ஏரியைத் தூர்வாராது விட்டால் என்ன ஆகும் என்பதை அறிந்த மக்கள், பரணைத் தூர்வாராது விட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

பரண் என்பது நல்ல தமிழ்ச்சொல். பரத்தல், பரப்புதல் என்னும் வினைகளோடு உறவுடையதாக அதனைக் கொள்வது பொருந்தும். மூங்கிலையோ பனஞ்சட்டத்தையோ பலகையையோ குறுக்கே பரப்பி அமைப்பது பரண். வீட்டுக்குள் மட்டுமன்றி வெட்டவெளியிலும் அது உண்டு. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில், கதிர் கொய்ய வரும் கிளியை ஓட்டுதற்கு உயரக் கட்டிய இருக்கையும் பரணே. இதணம் என்றும் கழுது என்றும் அதற்குப் பழம்பெயர்கள் உண்டு. வள்ளி பரண்மீதிருந்து ஆலோலம் பாடிய கதையை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை.

புனத்துப் பரண் விளைவதைக் காத்தது. வீட்டுப் பரண் விளைந்ததைக் காத்தது. இடம் வேறாயினும் தொழில் ஒன்றே. அத்தொழில் காவல். இன்று கற்காரை வீடுகளில் சுவரோடு சேர்த்து ஒரு பலகை வார்த்து, அதனை ‘லாப்ட்’ என்கின்றனர். பெயர் மட்டுமா மாறியது? தொழிலும் மாறிற்று. காவல் செய்த இடம் குப்பை போடும் இடமாயிற்று. சொல் மறையும்போது அச்சொல்லோடு பிறந்த ஒழுக்கமும் மறைகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அடுக்களைப் பரண்

நாட்டோடு வேய்ந்த பழைய வீடுகளில் பரண் பல இடங்களில் உண்டு. கூடத்துப் பரணில் திருமணத்திற்கும் பொங்கலுக்கும் மட்டுமே இறங்கும் அண்டா, தவலை, பெருவிளக்கு ஆகியவை இருக்கும். தூளிக்கட்டை, நடைவண்டி, மரப்பாச்சி ஆகியவை அடுத்த பிள்ளை பிறக்கும் வரை அங்கே காத்திருக்கும். பெரிய மரக்காலும் படியும் களத்து வேலை முடிந்ததும் அங்கே ஏறிவிடும்.

இவற்றிலெல்லாம் நுட்பமானது அடுக்களைப் பரண். அடுப்புக்கு மேலாகவோ அடுப்பின் பக்கமாகவோ அது அமையும். விறகுப் புகை நாளும் அதன்மேல் படியும். புகை பட்ட பொருளைப் பூச்சி எளிதில் அண்டாது. அடுப்பின் வெம்மை ஈரத்தைப் போக்கும். செங்கற்பட்டுச் சீமையும் மாமல்லைக் கடற்கரையும் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் எவ்வளவு ஈரம் சுமக்கும் என்பது தெரிந்ததே. சுவர் வியர்க்கும் அக்காலத்திலும் வீட்டில் உலர்ந்து கிடக்கும் ஓரிடம் அடுக்களைப் பரண். புளிப்பானையும், சாம்பல் கலந்து சுரைக்குடுக்கையில் அடைத்த காய்கறி விதைகளும் அங்கே ஏறியது அதனாலேயே. அந்த அறிவை எவரும் கல்லூரியில் கற்கவில்லை, அடுப்பங்கரையில் கற்றனர்.

விதையின் கதையை ஈண்டுச் சிறிது நினைத்தல் தகும். இவ்வட்டாரத்தின் பெயரையே தாங்கிய நெல்வகை செங்கற்பட்டுச் சிறுமணி. 1966இல் ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல் வெளியாகி, புதுவகைகள் நாடெங்கும் பரவிய பின்னர், இத்தகைய நாட்டு நெல்வகைகள் வயலைவிட்டு அகன்றன. வயலைவிட்டு அகன்றவை வீட்டைவிட்டும் அகன்றன. நெல் செயராமன் என்னும் ஒருவர் 2018இல் மறையுமுன் ஊரூராய் அலைந்து 174 நாட்டு நெல்வகைகளை மீட்டார். அவரால் அது எவ்வாறு இயன்றது? எங்கோ ஓர் உழவர், பயனில்லை என்று பிறர் இகழ்ந்த விதையைக் கைவிடாமல் வைத்திருந்தமையால் இயன்றது. வைத்திருப்பவர் ஒருவர் இருந்தால்தான் தேடி வருபவர்க்குக் கிடைக்கும். இவ்வுண்மை நெல்லுக்கு மட்டும் உரியதன்று.

ஏடு ஏறிய இடம்

விதையோடு பரணில் ஏறிய மற்றொரு பொருள் ஏடு. பனையின் இளவோலையைத் தேர்ந்து, நறுக்கி, வேகவைத்து, உலர்த்தி, மழமழப்பாகத் தேய்த்து, எழுத்தாணியால் கீறி எழுதினர் முன்னையோர். கீறிய எழுத்துப் புலப்படுதற்கு விளக்குக்கரியும் மஞ்சளும் இலைச்சாறும் கலந்து மை தடவினர். ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினர். அதுவே சுவடி.

ஓலை கல்லன்று, செப்பேடும் அன்று. நன்கு பேணினால் சில நூற்றாண்டுகள் நிற்கும். பேணாவிடின் ஒரு தலைமுறையிலேயே செல் அரித்துவிடும். ஆதலின் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுக்கும் வழக்கம் இடையறாது நடந்து வந்தது. ஈராயிரம் ஆண்டுத் தமிழ் இலக்கியம் நம் கைக்கு வந்தது ஒரே ஏட்டில் இருந்து அன்று. படிக்குப் படி, கைக்குக் கை, பரணுக்குப் பரண் மாறி வந்தது. எந்தத் தலைமுறை படியெடுக்க மறந்ததோ, அந்தத் தலைமுறையோடு அந்நூல் முடிந்தது.

முடிந்தவை எத்தனை என்று எண்ணினால் நெஞ்சு நடுங்கும். பரிபாடல் 70 பாடல்கள் கொண்டதென்பர். முழுமையாகக் கிடைத்தவை 22. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. புறநானூற்றில் 267ஆம், 268ஆம் பாடல்கள் இல்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழு நூலாக இல்லை. பிறர் எடுத்தாண்ட சில செய்யுள்களே எஞ்சின. இவை வானத்திலிருந்து இடி விழுந்து அழிந்தவை அல்ல. எங்கோ ஒரு வீட்டில், எங்கோ ஒரு மடத்தில், இது எதற்கு என்று யாரோ ஒருவர் கேட்ட நாளில் அழிந்தவை.

தேடிச் சென்றவர்

ஏடு தேடிய பெருமக்களை இவ்விடத்தில் நினையாதிருத்தல் நன்றி கொன்றதாகும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை வீரசோழியத்தை 1881இலும், கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். தொட்டால் நொறுங்கும் ஏடுகளோடு பட்ட பாட்டைத் தம் பதிப்புரையில் உருக்கமாக எழுதிவைத்தார்.

உ.வே. சாமிநாதையர் 1880இல் குடந்தையில் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டபோது, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்னும் வினா எழுந்தது. அவ்வொரு வினா ஒரு வாழ்நாளையே திருப்பிவிட்டது. 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை எனத் தொடர்ந்து வந்தன. ஒரு நூலுக்குப் பல ஏடுகளைத் திரட்டி, ஒப்புநோக்கி, பாட வேறுபாடு கண்டு அவர் உழைத்தார். அதற்காக அவர் ஏறிய படிகள் எத்தனை, இறக்குவித்த கட்டுகள் எத்தனை!

அவர் கண்டவை எல்லாம் இனிய காட்சிகள் அல்ல. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருப்பதாகக் கேட்டுச் சென்றார். பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டோம் என்று விடை வந்தது. இந்நிகழ்ச்சியை அவரே தம் ‘என் சரித்திரம்’ நூலில் பதிந்து வைத்துள்ளார். ஏடு எரித்தவர் தமிழ்ப் பகைவர் அல்லர். தீமை செய்யும் எண்ணமும் அவர்க்கில்லை. பழுதான ஏட்டை மதிப்போடு நீக்குவதாகவே அவர் எண்ணினார். ஆடிப் பதினெட்டில் ஏடுகளை ஆற்றில் விட்டவர்களும் அவ்வாறே எண்ணினர். அறியாமை பக்தியின் உடை உடுத்து வந்தால் அதனைத் தடுப்பார் இல்லை என்பதே இதில் பெறும் படிப்பினை.

மற்றொன்றையும் இவ்வட்டாரத்தார் மறத்தலாகாது. உலகப் பெரும்போரின் நடுவே சென்னையினின்று பெயர்ந்த உ.வே.சா. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் நாள் கண்மூடியது திருக்கழுக்குன்றத்தில். ஏடு தேடி ஓயாத கால்கள் ஓய்ந்த இடம் செங்கற்பட்டுச் சீமை. அம்மண்ணில் வாழ்வோர்க்கு ஏட்டைக் காக்கும் கடன் ஒரு படி கூடுதல் என்க.

செங்கற்பட்டுச் சீமையின் ஓலைக்கணக்கு

காப்பியம் மட்டுமே காக்கத்தக்கது என்று எண்ணுதல் பிழை. 1763இல் ஆர்க்காட்டு நவாபு இச்சீமையை ஆங்கிலக் குழும்பிற்கு விட்டுக்கொடுத்தான். பின்னர்ப் பார்னார்டு என்னும் ஆங்கிலேயன் 1767 முதல் 1774 வரை இங்குள்ள ஏறத்தாழ ஈராயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தான். ஊர்தோறும் என்னென்ன குடிகள், எத்தனை வீடுகள், எவ்வளவு நன்செய் புன்செய், எத்தனை ஏரி, குளம், தோப்பு, விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு மேரை, எவ்வளவு மானியம் என்பனவெல்லாம் அக்கணக்கில் அடங்கின. அவற்றைத் தமிழில் எழுதியவர் ஊர்க்கணக்கர். எழுதிய பொருள் பனையோலை.

அவ்வோலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இன்று உள்ளன. அவற்றுள் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஈரூர்க் கணக்குகள் 2001இல் நூலாக அச்சேறின. தட்டார், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர், ஏரி காவலர், பள்ளி ஆசிரியர் முதலியோர் விளைச்சலில் பெற்ற பங்கெல்லாம் அத்தகைய கணக்குகளில் நெல்லளவோடு நிற்கின்றன. வெள்ளையர் வருமுன் தமிழூர் எவ்வாறு தன்னைத் தானே நடத்தியது என்று அறிய விரும்புவார்க்கு இதனினும் நேர்மையான சான்று இல்லை. அரசர் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியில் நாவிதர்க்கு எத்தனை படி நெல் என்பது வாராது, கணக்கோலையில் வரும்.

பரம்பரைக் கணக்குப்பிள்ளைப் பதவி தமிழ்நாட்டில் 1980இல் ஒழிக்கப்பட்டது. ஊராள்கை ஒரு குடியின் உடைமையாதல் கூடாது ஆதலின் அது செய்யத்தக்கதே. ஆயினும் பதவி போனவுடன், அக்குடிகளின் வீட்டிலிருந்த பழைய தாளும் ஓலையும் பயனற்றவை என்று ஒதுக்கப்படுதல் நேரிது. பதவி ஒழியலாம், பதிவு ஒழியலாகாது.

பரண் இல்லாதார்

பரணின் பெருமையை இவ்வளவு பேசியபின் ஓருண்மையை மறைத்தல் அறமாகாது. எல்லாத் தமிழர் வீட்டிலும் பரண் இல்லை. குனிந்து நுழையும் குடிசைக்கு ஏது பரண்? கூரையின் இறப்பில் அரிவாளைச் செருகுவர், உறியில் கஞ்சிக்கலயத்தைத் தொங்கவிடுவர், அவ்வளவே. எழுத்தும் அக்குடிசைக்குப் பன்னூறாண்டு மறுக்கப்பட்டது. ஓலையை வெட்டித் தந்த கைக்கு ஓலையில் எழுதும் உரிமை இல்லாதிருந்தது.

அம்மக்களின் பரண் அவர்தம் நெஞ்சே. நாற்றுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் ஒப்பாரியும் தாலாட்டும் அங்கேதான் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அப்பரணுக்கு ஏணி சாத்த வேண்டுமாயின், அம்முதியோர் உயிரோடிருக்கும் போதே சாத்த வேண்டும். ஓலையாவது சில நூற்றாண்டு காத்திருக்கும். எண்பது அகவைப் பாட்டி காத்திரார். ஆதலின் ஏடு காப்போம் என்று புறப்படுவோர், ஏடு இல்லாதார் பாட்டையும் எழுதிக் காத்தலே நேர்மை.

படிக்க இயலாத ஏடு

பரணிலிருந்து இறக்கிய ஏட்டைப் பலர் ஒதுக்குதற்கு ஒரு காரணம், அதைப் படிக்க இயலாமை. எழுத்து தமிழ்தான்; ஆயினும் ஓடவில்லை. ஏன்? ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று, எழுதினோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். ஆதலின் ‘கரம்’ என்பதும் ‘காம்’ என்பதும் ஏட்டில் ஒன்றுபோல் தோன்றும். எது பொருந்தும் என்பதைப் பொருள் நோக்கியே தெளிதல் வேண்டும்.

இது கடினம், ஆனால் கற்கக் கூடாத அளவு கடினம் அன்று. ஆர்வமுள்ள மாணவர் சில திங்கள் பயின்றால் பழகிவிடும். அயல்நாட்டார் பெருங்கடல் கடந்து வந்து கற்கும் இக்கலையை, ஏடு உறங்கும் வீட்டில் பிறந்த பிள்ளை கல்லாதிருத்தல் நாணத்தக்கது. மருத்துவச் சுவடி என்றும் கணியச் சுவடி என்றும் வழிவழியாகச் சொல்லப்படும் கட்டினுள் வேறொரு நூல் ஒளிந்திருத்தலும் உண்டு. படித்துப் பாராமல் பெயர் சூட்டுதல் கூடாது. பெயர் தெரியவில்லை என்று எறிதல் அதனினும் கூடாது.

செய்யத்தக்கன, செய்யத்தகாதன

இனிச் செயலுக்கு வருவோம். பரணில் சுவடியோ பழந்தாளோ இருக்கக் கண்டால், கட்டை வலிந்து பிரித்தல் ஆகாது. ஒட்டியிருக்கும் ஓலையை நகத்தாலோ கத்தியாலோ நெம்புதல் ஆகாது. நீரில் கழுவுதலும், கடும்வெயிலில் காயவைத்தலும், கைக்குக் கிடைத்த எண்ணெயைத் தடவுதலும் ஆகா. பழந்தாள் கிழிந்திருந்தால் பசைநாடா ஒட்டுதல் கேட்டிலும் கேடு. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பசையே தாளைத் தின்னும். மென்துணியால் தூசு தட்டி, தூய பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லா இடத்தில் வைத்தலே முதலுதவி. வசம்பைத் துணியில் முடிந்து உடன் வைத்தல் பூச்சியை விலக்கும் பழைய முறை.

அடுத்து, ஒரு சீட்டு எழுதி உடன் வைக்க வேண்டும். எவ்வூர், எவர் வீடு, எந்தப் பரண், யாரிடமிருந்து வந்தது என்பன அதில் இருத்தல் வேண்டும். பிறந்த ஊர் தெரியாத ஏடு பாதி ஊமை. இன்று வீடுதோறும் கைப்பேசி இருக்கிறது. பிரிக்க வரும் ஓலையை மட்டும் ஒவ்வொன்றாக, இருபக்கமும், நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைக்கலாம். உ.வே.சா. காலத்தில் ஒரு நூலைப் படியெடுக்கத் திங்கள் கணக்கில் ஆயிற்று. இன்று ஒரு பிற்பகல் போதும். இவ்வளவு எளிதான காலத்தில் ஓர் ஏடு அழியுமாயின், அப்பழியை முன்னோர்மேல் சுமத்த இயலாது.

பின்னர் அறிந்தாரை நாடல் வேண்டும். 1981இல் நிறுவப்பெற்ற தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னையில் 1869இல் தோன்றிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், 1943இல் தொடங்கப்பெற்ற உ.வே.சா. நூல்நிலையம் ஆகியவை சுவடியறிந்தோர் பணிபுரியும் இடங்கள். கொடுக்க மனமில்லாதார், அவர்களிடம் காட்டி வழிகேட்டேனும் வரலாம்.

ஓலை மட்டும் அன்று. பழைய பாடநூல், திங்களிதழ், துண்டறிக்கை, திருமண அழைப்பு, நாடக அறிவிப்பு, கடல்கடந்து போனவர் எழுதிய மடல் ஆகிய யாவும் வரலாறே. கோட்டையூர் ரோசா முத்தையா என்னும் தனிமனிதர், பிறர் பயனற்றவை என்று விட்ட அச்சுத்தாள்களையெல்லாம் வாழ்நாள் முழுதும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர் அதனை நாடி வருகின்றனர்.

போகிக்கு முன்

தமிழன்பர்களே! 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு மூட்டப்பெற்ற தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு மீண்டும் கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. உலகத் தமிழரெல்லாம் நெஞ்சு பதைத்தனர். பதைக்கத் தக்கதே. மாற்றார் மூட்டிய தீக்குப் பதைத்த நெஞ்சு, ஆண்டுதோறும் மார்கழி இறுதிநாள் விடியலில் தன் வாசலில் தானே மூட்டும் தீக்குப் பதைக்க வேண்டாவா? பழையன கழிதல் என்பது பாயும் துடைப்பமும் கழிதல். பாட்டன் கையெழுத்துக் கழிதல் அன்று.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீடெல்லாம் பரணைத் துப்புரவு செய்யும் வீடே. அவ்வேலையைக் கூலியாளிடம் விடாமல், வீட்டிலுள்ள படித்த பிள்ளை ஒருவர் ஏணியில் ஏறட்டும். கீழே பாட்டியோ தாத்தாவோ நிற்கட்டும். இறக்கும் ஒவ்வொரு பொருளையும் இது என்ன, யாருடையது என்று கேட்கட்டும். எரிக்குமுன் ஒருமுறை பிரித்துப் பார்க்கட்டும். ஐயம் எழுந்தால் எரியாதிருக்கட்டும். இவ்வளவே வேண்டப்படுவது. பொருட்செலவு இல்லை, பேரியக்கம் தேவையில்லை. ஓர் ஏணியும் ஒரு முற்பகலும் போதும்.

ஏரி காக்கத் தெரிந்த ஊர் ஏடு காக்கவும் கற்கட்டும்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் முயற்சி!